ரோலர் ராக்கன் தன் கையால் குளித்த கதை

கக்கூஸுக்குத் தானாகப் போக முடியாத நிலைமை வந்துவிட்டால் மாசாமாசம் பணம் கொடுக்கிறார்களாம் என்ற செய்தி, விராலிமலை பஸ்ஸில் ஏறி இலுப்பூரில் வந்து இறங்கியது. பஸ்ஸில் யாரோ ஒருவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரரின் சகலை, ஜவுளிக்கடை முகமது இப்ராஹிமிடம் கைலி எடுக்க வந்த இடத்தில் அதை அவிழ்த்துவிட்டார். இப்ராஹிம் அதைக் கசங்காமல் மடித்து வைத்திருந்து, தினமும் காலையில் கடைக்கு வந்து உட்காரும் தன் கூட்டாளி ராக்கன் வந்ததும் விரித்துக் காட்டினார்.

ராக்கன் நம்பவில்லை. போக முடிகிறவனுக்கே இந்த நாட்டில் ஒழுங்காக ஒரு கக்கூஸ் கட்டித் தந்தவர்கள் இல்லை, போக முடியாதவனுக்கு எவன் பணம் தருவான் என்று கேட்டார். வாங்கிய கைலியைத் திருப்பிக் கொடுக்க வருகிறவன் சொல்வதையெல்லாம் நம்பினால் கடையை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான் என்றும் சொன்னார். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தச் செய்தி அவர் காலைச் சுற்றிக்கொண்டே வந்தது. அதற்குக் காரணம் அவருடைய அண்ணன்.

முதலில் ராக்கனைச் சொல்லிவிட வேண்டும். நெடுஞ்சாலைத் துறையில் ரோடு ரோலர் ஓட்டி ஓய்வு பெற்றவர். இலுப்பூரிலிருந்து அன்னவாசல் பக்கம் போனாலும் சரி, கொடும்பாளூர்ப் பக்கம் போனாலும் சரி, தார் ரோட்டில் பாதி அவர் உருட்டியது. மாவட்டத்திலேயே வேகக் கட்டுப்பாட்டை ஒருநாளும் மீறாத டிரைவர் அவர் ஒருவர்தான். அவர் வண்டியை ஆடுகள் முந்தின, சைக்கிளில் போகும் கிழவர்கள் முந்தினார்கள், ஒருமுறை ஒரு சவ ஊர்வலமே முந்திப் போனது. விபத்து என்று ஒன்று கிடையாது. எதிரே வருகிறவன் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, ஒதுங்கி நிற்பதற்குப் போதுமான அவகாசம் இருந்தது. வேலை அவருக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போனவை இரண்டு: ‘ரோலர்’ என்கிற பட்டப்பெயர், இன்ஜின் சத்தத்தில் மந்தமாகிப்போன காது. அதனால் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அவருடைய குடும்ப விவகாரம் அதனால் கடைத்தெருவில் எல்லோருக்கும் அத்துப்படி.

வேலையில் அப்படி உருண்ட மனிதர், வீட்டில் உருளவே மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்தால் காப்பி வரும். சாப்பிட உட்கார்ந்தால் முள் எடுத்த மீன் வரும். பாத்ரூமுக்குப் போனால் விளாவிய வெந்நீர், வாசலில் துண்டு, கட்டிலில் எடுத்து வைத்த வேட்டி சட்டை எல்லாம் தயாராக இருக்கும். எல்லாவற்றுக்கும் பின்னால் அமராவதி என்றொரு மனைவி இருக்கிறாள் என்பதும் அவருக்குத் தெரியும்தான். ரோட்டுக்குக் கீழே ஜல்லி இருப்பது தெரியுமில்லையா, அதுபோல.

இனி அண்ணன். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய், அதோடு படுத்தவர். மூன்று பிள்ளைகள். மாதம் ஒருத்தர் வீட்டில் வைத்துப் பார்ப்பதாக முறை பேசிக்கொண்டார்கள். மாதம் முடிந்ததும் அண்ணனைக் கட்டிலோடு தூக்கி ‘குட்டியானை’ வண்டியில் ஏற்றி அடுத்த வீட்டில் இறக்குவார்கள். பிப்ரவரி மாதம் யாருக்கு என்பதில் பிள்ளைகளுக்குள் அடிதடி வரை போனது, அந்த மாதத்துக்குத்தான் நாள் கம்மி. அண்ணன் குட்டியானையில் மல்லாந்து படுத்தபடி, மின்கம்பிகளில் உட்கார்ந்திருக்கும் காக்காய்களைப் பார்த்துக்கொண்டே போவார். ஒருமுறை ராக்கன் கூடவே போனார். அந்த ரோடு அவர் உருட்டியது. குலுங்கவில்லை பார்த்தாயா என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் காக்காய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து மூத்திர வாடை வந்தது. கடைசியில் பிள்ளைகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோய், குட்டியானை ராக்கன் வீட்டு வாசலில் வந்து நின்றது. மீதி நாட்களை அங்கேதான் கழித்துக் கண்ணை மூடினார்.

அண்ணனுக்காவது மூன்று பிள்ளைகள். ராக்கனுக்கு ஒரே மகன், அறிவுச்செல்வன், டொராண்டோவில் இருக்கிறான். குட்டியானை அவ்வளவு தூரம் போகாது.

அறிவுச்செல்வன் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன். இன்னும் படுக்காத அப்பாவுக்காகப் படுக்கையில் புரண்டுகொண்டிருப்பவன். அப்பா தும்மினால் அங்கே அவன் கம்ப்யூட்டரில் தும்மலுக்கு என்னென்ன காரணம் என்று தேடுவான், மூன்றாவது வரியிலேயே அவனுக்குப் புற்றுநோய் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, நாக்கை நீட்டுங்கள், காலை அழுத்திக் காட்டுங்கள் என்று டாக்டர் வேலை பார்ப்பான். அப்பாவுக்குப் பென்ஷன்காரர்களுக்கான இன்சூரன்ஸ் கார்டு இருக்கிறது, ஆனால் அது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் உதவும், அதற்கு மேல் ஒன்று வேண்டும் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தான். ராக்கன் காதில் போட்டுக்கொண்டதில்லை. இப்போது அவராகவே, படுத்துக் கிடப்பவனுக்குப் பணம் தருகிற பாலிசி உண்டா என்று கேட்டதும் மகன் பயந்துபோய், அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தான்.

பக்கத்துத் தெரு ஆரோக்கியம்மாளின் மகள் ஷீபா இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஸ்கூட்டியில் வருகிறாள் என்றால் பாதித் தெரு கதவைச் சாத்தும். செத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சிரித்த முகமாகச் சொல்கிற பெண்ணை வேறு எப்படி எதிர்கொள்வது? ராக்கன் கதவைத் திறந்துவைத்து வரவேற்றதில் அவளுக்கே கொஞ்சம் சந்தேகம்தான்.

அவள் இரண்டு வகை சொன்னாள். ஒன்று, அரசாங்கக் கார்டின் தொகை தீர்ந்தபிறகு மேற்கொண்டு ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்குகிற டாப்-அப். இன்னொன்று, விராலிமலை பஸ்ஸில் வந்து இறங்கியது. வதந்தி கிட்டத்தட்ட உண்மைதான், பாதியை மட்டும் வழியில் தவறவிட்டிருந்தது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கக்கூஸுக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து உட்காருவது, வீட்டுக்குள் நடமாடுவது என்று அன்றாடம் மனிதன் செய்கிற வேலைகள் ஆறு. இதில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், வீட்டுக்கே ஹோம் நர்ஸ் வைத்துப் பார்க்க மாசாமாசம் பணம் வரும்.

மகன் டாப்-அப் போதும் என்றான், ஆஸ்பத்திரிதான் முக்கியம் என்றான். ராக்கன் முடியாது என்றுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் ஒன்று பிழைத்து வருவான், இல்லை போய்விடுவான், இரண்டுக்கும் ஆள் இருக்கிறது. இரண்டுமில்லாமல் நடுவில் கிடக்கிறவனைத்தான் குட்டியானையில் ஏற்றுகிறார்கள். அமராவதி ஷீபாவிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்: புருஷன் பொண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்தா, தனித்தனியா? தனித்தனி என்றதும், அப்படியானால் எனக்கும் ஒன்று போடு என்றாள். ராக்கனுக்கு அது வீண் செலவாகத்தான் பட்டது. அவளுக்கு என்ன ஆகப்போகிறது, அவள்தான் எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறாளே.

அடுத்த சில நாள் இப்ராஹிமின் கடையில் இதுவே பேச்சு. ஆறில் எந்த மூன்றைக் கைவிடலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்த இப்ராஹிம், நடமாட்டத்தையும் உடுத்துவதையும் விட்டுக்கொடுக்கத் தயார் என்றார். மூன்றாவதுதான் இடித்தது. சாப்பாட்டை விட முடியாது, கக்கூஸை விடவே முடியாது.

“குளிக்கிறதை விட்ரு பாய்,” என்றார் ராக்கன். “நீ விட்டுப் பல நாளு ஆச்சு. ஒனக்கு முன்தேதி போட்டே பணம் வரும்.”

கம்பெனியிலிருந்து டாக்டர் கூப்பிடுவார், உடம்பைப் பற்றிக் கேட்பார், உள்ளதைச் சொல்லுங்கள் என்று ஷீபா சொல்லியிருந்தாள். எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்லவில்லை. கூப்பிட்டது ஜவுளிக்கடையில் ராக்கன் உட்கார்ந்திருந்தபோது. கடையில் இப்ராஹிம், துணி எடுக்க வந்த கல்யாண வீட்டுக்காரர்கள், சும்மா வந்தவர்கள். போன் ஸ்பீக்கரில். பேசியது ஒரு பெண் டாக்டர், மெல்லிய குரல்.

சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, நெஞ்சுவலி இல்லை. ராக்கன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொல்லச் சொல்லக் கடையே அவரைப் பெருமையாகப் பார்த்தது. அதற்கப்புறம் அந்த அம்மா, நீங்களாகவே குளிப்பீர்களா என்று கேட்டது.

இந்த இடத்தில்தான் அவருக்குப் புத்தி தடம் மாறியது. அதை முழுக்க அவருடைய தப்பு என்றும் சொல்ல முடியாது. சம்பாதித்து, பென்ஷன் வாங்கி, மகனைக் கனடா வரை அனுப்பிய ஒரு மனிதனிடம், அதுவும் நாலு ஆம்பளைகள் கேட்டுக்கொண்டிருக்க, உனக்கு வெந்நீர் நீயே போட்டுக்கொள்கிறாயா என்று ஒருத்தர் கேட்டால், எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தமே வேறு. உன்னை வீட்டில் யாரும் மதிப்பதில்லையா என்று கேட்கிற மாதிரி. ராக்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நானாவா? என்னம்மா இப்படிக் கேட்டுப்புட்டீங்க? தண்ணி காயவச்சு, வெளாவி, முதுகு தேய்ச்சு விட்டு, துண்டை எடுத்துக் குடுக்குற வரைக்கும் எல்லாம் வீட்லதான் பாக்கணும்.”

“உடுத்திக்கிறது சார்?”

“எடுத்து வச்சா போடுவேன். கைப் பட்டன் அவதான் மாட்டி விடுவா.”

“சாப்பாடு? நீங்களா எடுத்துச் சாப்பிட முடியுமா?”

“அந்தப் பழக்கமே கெடையாதுங்க. மீன்னா முள்ளு எடுத்து வைக்கணும், இல்லைன்னா தட்டுல கை வைக்க மாட்டேன்.”

“டாய்லெட் போறது?”

“பக்கெட்ல தண்ணி ரொப்பி வச்சிருந்தாத்தான் உள்ளயே போவேன்,” என்றார் ராக்கன். கடையில் ஒருவர் கைதட்டினார்.

அந்த அம்மாவின் குரல் இன்னும் மெல்லியதாகிவிட்டது. எத்தனை நாளாக சார் இப்படி இருக்கிறீர்கள் என்று பரிவாகக் கேட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்றார் ராக்கன்.

ஷீபா சேதி கொண்டுவந்தபோது சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் தள்ளுபடி. அன்றாட வேலைகள் ஆறில் நான்கை இவர் ஏற்கெனவே பிறர் உதவியோடுதான் செய்கிறார், நீண்ட காலமாகவே இந்த நிலை, ஆகவே பாலிசி தருவதற்கில்லை. கம்பெனிக் கணக்கில் ராக்கன் படுத்த படுக்கை.

அமராவதிக்கும் போன் வந்திருந்தது. அவள் சோறு வடித்துக்கொண்டே பேசியிருக்கிறாள். நீங்களாகக் குளிப்பீர்களா, நீங்களாக உடுத்துவீர்களா, நீங்களாகச் சாப்பிடுவீர்களா என்று ஆறும் கேட்டார்களாம். ஆறுக்கும் அவள் சொன்னது ஒரே பதில்: “பின்ன யாரு?”

அவளுக்குப் பாலிசி வந்துவிட்டது.

இப்ராஹிமின் கடைக்கு அன்றைக்கு மட்டம் போட்டார் ராக்கன். ஆனால் சேதி மட்டம் போடவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிற ரோலருக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு சாயங்காலம் இப்ராஹிமே வந்து கட்டிலருகே உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய், வலிக்கிறதா, தூக்கி உட்கார வைக்கட்டுமா என்று விசாரித்தார். ராக்கன் ஒரு பழத்தை எடுத்து அவர் மேல் எறிந்தார். பரவாயில்லையே, கை இன்னும் வேலை செய்கிறது என்றார் இப்ராஹிம்.

அவர் போனபிறகு ராக்கன் கம்பெனிக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தார். வீட்டுக்குள் பொண்டாட்டி செய்கிறதைச் சொன்னால் வியாதி என்று எழுதுகிறான், இவனெல்லாம் கல்யாணம் பண்ணினவனா என்று கேட்டார். அமராவதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை, பேசினால் ஜல்லி கொட்டுகிற மாதிரி மொத்தமாகக் கொட்டிவிடுவாள்.

“ஒங்க அண்ணன் இங்கிட்டுக் கெடந்தாரே, அவரைப் பெரட்டிப் போட்டது யாரு? பீத்துணி அலசுனது யாரு?”

ராக்கன் ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக் கையில் உருட்டினார்.

“நீங்க விழுந்தா நான் பாப்பேன். அதுக்குப் பாலிசி வேணாம், கம்பெனிக்காரனே எழுதிட்டான். நான் விழுந்தா எனக்கு இனி ஆளு வரும். நான் முந்திக்கிட்டா ஒங்களுக்கு யாருங்க?”

சொல்லிவிட்டு அவருடைய வேட்டியை மடித்து, வழக்கமான இடத்தில் வைத்தாள்.

ராக்கனுக்குக் கண் முன்னால் குட்டியானை வந்து நின்றது. அதில் கட்டில் இருந்தது. ஏற்றிவிட ஆள் இல்லை, இறக்கிவிட வீடும் இல்லை.

மறுநாள் ஷீபாவை வரச் சொன்னார். மறுபடி விண்ணப்பம் போடலாம் பெரியப்பா, மறுபரிசீலனை என்று ஒன்று இருக்கிறது, கொஞ்ச நாள் கழித்து மறுபடி கூப்பிட்டுப் பேசுவார்கள் என்றாள். அவ்வளவுதானே, எல்லாம் நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டால் போச்சு என்றார் ராக்கன். அதற்கு அவள், இந்தத் தடவை வீட்டில் இருக்கிறவர்களிடமும் தனியாகக் கேட்பார்கள், பொய் என்று பின்னால் தெரிந்தால் விழுந்து கிடக்கிற நேரத்தில் பணம் வராது என்றாள்.

ராக்கன் மனைவியைப் பார்த்தார். கேட்டால் உள்ளதைத்தான் சொல்வேன் என்றாள் அமராவதி. முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லை.

ஆக, வேறு வழியில்லாமல் மாநில நெடுஞ்சாலைத் துறையின் ஓய்வுபெற்ற டிரைவர், தன் வீட்டுக்குள் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் வெந்நீர் வைக்கப் போனவருக்கு அடுப்பு எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று தெரியவில்லை. கொதிக்கக் கொதிக்க இறக்கி, விளாவ மறந்து, ஒரு சொம்பை அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டு போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டு நாய் குரைத்தது. துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாததால் ஈரத்தோடு வெளியே வந்து, கைக்குக் கிடைத்த தலையணை உறையில் துடைத்துக்கொண்டார். சட்டையில் ஒரு பட்டன் மாறிப் போட்டு, கழுத்தில் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, அன்று முழுக்க யாரோ கொத்தாகப் பிடித்து இழுத்துப் போகிற மாதிரி அலைந்தார். கெண்டை மீனில் இவ்வளவு முள் இருக்கிறது என்பதே அவருக்குப் புதுச் செய்தி. இத்தனை வருஷம் சாப்பிட்டது கெண்டை இல்லை, அமராவதியின் பொறுமை என்று அவருக்கு லேசாக உறைத்தது. உறைத்ததை வெளியே சொல்லவில்லை. சந்தையில் வேறு மீனே கிடைக்காதா என்று மட்டும் கேட்டார்.

அமராவதி எதிலும் தலையிடவில்லை. முதல் இரண்டு நாள் அவளுக்குக் கை சும்மா இருக்க முடியாமல், அவர் பக்கெட்டைத் தூக்கும்போதெல்லாம் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தாள். அப்புறம் பழகிவிட்டது. டி.வி.யில் ஒரு தொடரை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எழுந்திருக்காமல் பார்த்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். தொடர் அவ்வளவு நன்றாக இல்லை என்று சொன்னாள்.

ஊர் சும்மா இருக்குமா. ராக்கன் கொடியில் தன் வேட்டியைத் தானே காயப்போட்டதை யாரோ பார்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள், அமராவதி புருஷனைக் கைவிட்டுவிட்டாள், கனடாக்காரன் அம்மாவை மட்டும் கூப்பிட்டுக்கொள்ளப் போகிறான், ராக்கன் சாமியாராகி நார்த்தாமலை மேலே போய் உட்காரப் போகிறார் என்று செய்தி பஸ் ஏறி, விராலிமலைப் பக்கம் கிளம்பிவிட்டது. மத்தியஸ்தம் பண்ண வந்த இப்ராஹிம், கூட்டாளி உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கத்தான் வாயெடுத்தார். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. ஆறு வேலையையும் விரல் விட்டு ஒருமுறை யோசித்திருக்க வேண்டும். அந்த வாரமே ஷீபாவின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் மனைவி பவுசியா, மனுஷன் அடுப்படிக்குள் வந்து தேயிலை டப்பா எங்கே என்று கேட்டதும் பயந்துபோய்த் தன் மகளுக்குப் போன் போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்த அறிவுச்செல்வன், அப்பா தட்டுக் கழுவுவதைப் பார்த்துவிட்டான். அம்மாவுக்கு என்ன, அம்மா எங்கே, அம்மாவைக் காட்டுங்கள் என்று அலறினான். அமராவதி நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பதைக் காட்டியும் அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. அவன் வளர்ந்த வீட்டில் அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை. டிக்கெட் போடட்டுமா என்று கேட்டான். போடாத, வந்தா ஒனக்கும் சேத்து நாந்தான் தட்டுக் கழுவணும் என்றார் ராக்கன். மகன் சிங்க்கில் அசைகிற அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பெனியிலிருந்து ஒருமுறை போன் வந்து தவறிவிட்டது. அன்றைக்கு ராக்கன் நார்த்தாமலை மாரியம்மன் கோயிலில், மேளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய காதுக்கு அங்கே ரோலரே ஓடினாலும் கேட்டிருக்காது. ஷீபா வந்து எச்சரித்தாள்.

“இன்னொரு தடவைதான் பெரியப்பா கூப்பிடுவாங்க. எடுக்கலைன்னா ஃபைலை மூடிருவாங்க. அப்புறம் ஒங்க வயசுக்குப் புதுசா எடுக்கவும் முடியாது.”

அதிலிருந்து போனை உடம்போடு ஒட்டிவைத்த மாதிரிதான் திரிந்தார். சத்தத்தைக் கடைசி வரை ஏற்றி வைத்தார். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில், படுக்கும்போது தலையணைக்குப் பக்கத்தில். பாத்ரூமுக்குள் மட்டும் கொண்டுபோக முடியாது. கூடத்து அலமாரியில் வைத்துவிட்டு, அவசரமாக இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடி வருவார்.

ஆனால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அவசரமாகக் குளிக்க முடியாது. எண்ணெயைக் காய்ச்சி உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தானே தேய்த்துக்கொண்டார். முதுகில் பாதிக்குத்தான் கை எட்டியது, மீதியைச் சுவரில் தேய்த்துச் சரிக்கட்டினார். வெந்நீரை விளாவினார், விரலை விட்டுப் பார்த்தார், பதம் சரியாக இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு இப்போது நல்ல தேர்ச்சி. அரப்பைக் கரைத்துத் தலையில் அப்பி, நுரை வரத் தேய்த்தார். கண்ணைத் திறக்க முடியாது. திறந்தால் மிளகாய்ப்பொடி தூவிய மாதிரி எரியும்.

அப்போது போன் அடித்தது.

“ஏ அமரா...” என்று பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. அரப்பு உள்ளே போனது. துப்பினார். துப்புவதற்குள் யோசனை வந்துவிட்டது. அவள் எடுத்தால், அவர் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். குளிக்கிறார் என்பாள். போனைக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்பார்கள். கொண்டுவந்து, கதவைத் தள்ளி, காதில் வைத்துப் பிடித்து, இன்னொரு கையால் கண்ணில் தண்ணீரும் ஊற்றிவிடுவாள். செய்யக்கூடியவள்தான். நீங்களாகக் குளிக்கிறீர்களா சார் என்று அந்த மெல்லிய குரல் கேட்கும்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“போன் அடிக்குதுங்க,” என்றாள் அமராவதி கூடத்திலிருந்து. அவள் அலமாரிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நீட்டினால் எட்டும்.

“கேக்குது. நீ எடுக்காத.”

“நான் எடுக்கலைங்க.”

துண்டு தானே எடுத்து மாட்டிய இடத்தில் இருந்தது. தடவிப் பிடித்து இடுப்பில் சுற்றினார். ஒரு காலை முன்னால் வைத்தார். தரையெல்லாம் எண்ணெய், கால் ஒரு விரற்கடை முன்னால் வழுக்கிப் போனது. சுவரைப் பிடித்தார், சுவரிலும் எண்ணெய், முதுகைத் தேய்த்த சுவர். அண்ணன் விழுந்தது இந்த மாதிரி ஒரு தரையில்தான். பாலிசி வருவதற்கு முன்னால் இங்கே விழுந்தால் அப்புறம் ஆறு வேலையையும் மறந்துவிட வேண்டியதுதான்.

ராக்கன் நின்றார். மூச்சு விட்டார். கண்ணை மூடியபடியே, ஒரு காலை வைத்து, அது தரையில் நன்றாக அமர்ந்த பிறகு அடுத்த காலை எடுத்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வேகம் அதுதான், யார் முந்தினாலும் பரவாயில்லை என்கிற வேகம். கதவு வந்தது. நிலைப்படி வந்தது. நெற்றியிலிருந்து அரப்பு மூக்கு வழியாக இறங்கியது.

“வழுக்கும், பாத்து வாங்க,” என்றாள் அமராவதி. கத்தியைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு, அலமாரியில் அதிர்கிற போனையும் வருகிற மனிதரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அடுத்த அடியை வைத்தார். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.